கேஸ் நிரப்பும் முன் சென்சாரைப் பாருங்கள்

கார் ஏசி குளிரவில்லை என்றதும் நம் வாயில் முதலில் வருவது, "கேஸ் தீர்ந்திருக்கும்." நானும் அதையேதான் சொன்னேன். மே மாத வெயிலில் மீட்டரில் வெளி வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகக் கேஸ் நிரப்பப் போனேன். காசு போனது, குளிர் வரவில்லை.

விஷயமே அந்த மைனஸ் 40-இல்தான் இருந்தது. வெளி வெப்பத்தை அளக்கும் சென்சார் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும், சுண்டுவிரல் அளவு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். வயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ தடை எல்லையில்லாமல் ஏறிவிட, கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் குளிரில் கம்ப்ரஸரை ஓடவிடாத கார்கள் நிறைய உண்டு. என் காரில் பம்பரைக் கழற்றி வேலை பார்த்தவர்கள் பிளக்கைத் திரும்ப மாட்டவில்லை, அவ்வளவுதான்.

டிராஃபிக்கில் நின்றபின் 45 டிகிரி காட்டினால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது ரேடியேட்டர் சூடு; கொஞ்சம் ஓட்டினால் இறங்கிவிடும்.

கிளம்பும்போது ஜில்லென்று இருந்து, அரை மணி நேரத்தில் காற்றே குறைந்துபோகிறதா? புளோயர் மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, காருக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் கூலிங் காயிலில் ஐஸ் பிடித்திருக்கிறது. கேபின் ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அடுத்த சந்தேகம் அந்தக் காயிலின் குளிரை அளக்கும் காயில் சென்சார் மேல்தான்.

டேஷ்போர்டில் கண்ணாடியோரம் மிளகாய் வடகம் அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். அது வெயில் சென்சார். பிள்ளையாரை அதன் மேலேயே ஒட்டிவிட்டால், உச்சி வெயிலிலும் கார் நிழலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். பிள்ளையாரை நாலு விரல் தள்ளி வையுங்கள்.

மெக்கானிக்கின் ஸ்கேனரில் சென்சார் பெயரில் எரர் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) வந்ததும் சென்சாரை வாங்கி மாட்டுவது இன்னொரு வீண்செலவு. எரர் கோடு சொல்வது அந்த சர்க்யூட்டை. கோளாறு வயரிலும் இருக்கலாம். இரவெல்லாம் நிழலில் நின்ற காரில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளைப் பாருங்கள். வெளி, உள், காயில் சென்சார்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். தனித்து நிற்பதன் வயரையும் பிளக்கையும் முதலில் சோதியுங்கள். இருட்டான ஷெட்டுக்குள் சோதித்தால் சில கார்களில் வெயில் சென்சாருக்கான எரர் கோடு தானாகவே வரும். வண்டியை வெளியே எடுத்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.