ஆற்றங்கரையில் படம் கீறப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்ப் போத்தலை எடுங்கள்

முதல் தடவை மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடிக்குப் படம் கீறப் போனபோது பெயின்ட், தூரிகை, தொப்பி, பிஸ்கட் எல்லாம் எடுத்துப் போனேன், தண்ணீரைத்தான் விட்டுவிட்டேன். முன்னால் இவ்வளவு பெரிய ஆறு கிடக்கிறதே என்று யோகட் கப்பில் அள்ளிக் கலந்தேன். (வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம்.) உவர்த் தண்ணீர். கீறும்போது ஒன்றும் தெரியவில்லை, காய்ந்த பிறகு பார்த்தால் வானம் முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி, விரலால் தடவினால் பொருபொருவென்று. அதனால் ஒன்றரை லீற்றர் போத்தல் கட்டாயம்: பாதி தூரிகைக்கு, பாதி உங்களுக்கு.

தாள் விஷயத்தில் பள்ளிக்கூடப் பழக்கத்தை விடுங்கள். பிரிஸ்டல் போர்ட் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். நீர்வர்ணத்துக்குச் சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தடித்த தாள் வேண்டும், விலைதான், ஆனால் ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு படம். சின்னதாக வெட்டச் சொல்வது காசுக்காக மட்டும் இல்லை. வெளியில் வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது. உள்ளங்கை அளவுத் தாளை நாற்பது நிமிடத்தில் முடிக்கலாம், பெரிய தாளோடு உட்கார்ந்தால் வானம் நாலு மணிக்கும் தண்ணீர் ஆறு மணிக்கும் உரியதாகிவிடும். மற்றபடி ஒரு பலகை, நாலு கிளிப், இரண்டு தூரிகை, ஆறேழு நிறம் போதும். 1841 இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கிற தகர டியூபைக் கண்டுபிடிக்கும்வரை எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சவ்வுப் பையில் கட்டித் தூக்கித் திரிந்தார்களாம். அதை நினைத்தால் எங்கள் பை பாரமே இல்லை.

எங்கே உட்காருவது? நிழலில். உங்கள் தலை மட்டுமல்ல, தாளும் நிழலில் இருக்க வேண்டும். வெயில் நேரே விழுகிற வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், அதைச் சமாளிக்க உங்களை அறியாமலே நிறத்தை அடர்த்தியாக வைப்பீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். குடை பிடித்தால் கறுப்புக் குடை பிடியுங்கள். நான் ஒருநாள் தங்கச்சியின் சிவப்புக் குடையோடு போய், அந்தச் சிவப்பு தாளில் விழுந்ததைச் சரிக்கட்ட எல்லாவற்றிலும் பச்சையைக் கூட்டி, பாசி பிடித்த பாலம் ஒன்றைக் கீறி வந்தேன்.

நேரத்தில் எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கல்லடி என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற ஒடுங்கலான நிலத்துண்டு. காலையில் கடற்கரையில் சூரியன் எழும்பும், பின்னேரம் வாவிக்கு மேலே இறங்கும், இரண்டுக்கும் இடையில் சைக்கிள் தூரம்தான். காலையில் கீறினால் எட்டரையோடு முடித்து எழும்பிவிடுங்கள், பின்னேரம் நாலரைக்குப் பிறகு உட்காருங்கள். நடுப்பகலில் நிழலே இருக்காது, நிழல் இல்லாத இடத்தில் கீற என்ன இருக்கிறது! ஒரே இடத்துக்கு இரண்டு தாள் கொண்டுபோவதும் நல்லது, ஒன்று ஐந்தேகால் வெளிச்சத்துக்கு, மற்றது ஆறு மணிக்கு. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 இல் வைக்கோற்போர்களைக் கீறியதும் இந்த மாதிரித்தான், வெளிச்சம் மாற மாறக் கன்வஸை மாற்றிக்கொண்டார்.

சரி, தண்ணீர். ஆறு நீலம் என்று முடிவுகட்டிவிட்டு நீலத்தைத் தொடாதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீரில் தெரிகிற வானம் மேலே இருக்கிற வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டு. ஆனால் தண்ணீரில் விழுகிற கண்ணா மரத்தின் (கரையோரச் சதுப்பில் வளர்கிற மரம்) கறுப்பு, கரையில் நிற்கிற மரத்தைவிடக் கொஞ்சம் வெளிப்பு. இந்த இரண்டையும் சரியாக வைத்துவிட்டால் வேறொன்றும் செய்யாமலே தாளில் தண்ணீர் கிடக்கும். பழைய பாலத்தைக் கீறுகிறவர்கள் இரும்புச் சட்டங்களை எண்ணத் தொடங்கினால் செத்தோம். 1924 இல் திறந்த பாலம், எத்தனையோ பேர் எண்ணி ஓய்ந்திருப்பார்கள். சட்டங்களுக்கு இடையில் தெரிகிற வான இடைவெளிகளைக் கீறுங்கள், இரும்பு தானாக வந்துவிடும்.

வீச்சு வலை எறிகிறவரைக் கீற ஆசைப்படாதவர் யாரும் இல்லை. வலை விரிந்து நிற்பது கண் மூடித் திறக்கிற நேரம். முதல் ஐந்து எறிதலுக்குப் பென்சிலைத் தொடாமல் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே முழங்கால் மடியும், அதே தோள் பின்னால் போகும். ஆறாவது தடவை உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். போட்டோ எடுத்துப் பார்த்துக் கீறலாம்தான், ஆனால் போட்டோவில் வலை உறைந்துபோய்க் கொசுவலை மாதிரித் தொங்கும்.

மே தொடங்கிக் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் தூரிகையைத் தாளில் வைத்து எடுக்கிறதுக்குள் காய்ந்துவிடும். தாளின் இரண்டு பக்கமும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டிவிடுங்கள், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மாரியில் இதற்கு நேர் எதிர், ஒன்றும் காயாது. அப்போது ஏதாவது கடைத் தாழ்வாரத்தில் ஒரு பிளேன்டீயைச் சொல்லிவிட்டு போல்பொயின்ட் பேனையால் கீறுங்கள்.

கோட்டை, அலுவலகம், படலையில் ஆள் நிற்கிற எந்த இடமானாலும் முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு தடவை கேட்காமல் உட்கார்ந்து, எதற்கு இந்த இடத்தைக் கீறுகிறாய், யார் அனுப்பியது என்று அரை மணித்தியாலம் பதில் சொன்னேன். நிறம் எல்லாம் காய்ந்துபோயிற்று. பெண்பிள்ளைகள் தனியே போவதென்றால் ஆள் நடமாட்டம் உள்ள தேத்தண்ணிக் கடைப் பக்கமாக இடம் பிடியுங்கள், முதுகு ஒரு சுவரில் இருக்கட்டும். அம்பாறைப் பக்கம் வயல் கீறப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பொழுது படும் அழகில் மயங்கிக் கிடக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே எழும்பி வாருங்கள், யானை வருகிற நேரமும் அதுதான்.

ஆட்கள் சுற்றி நிற்பார்கள். கூச்சம் மூன்று நாளில் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள், அமைதியாகிவிடுவார்கள். பெரியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு தோணியை இரண்டு வேளையாக உட்கார்ந்து மெனக்கெட்டுக் கீறி, நல்லாய் வந்திருக்கிறது என்று நானே ரசித்துக்கொண்டிருந்தபோது வலையோடு வந்த ஒரு ஐயா குனிந்து பார்த்தார்.

"என்ன புள்ள, தென்னோலை இஞ்சால பறக்குது, தோணி அங்கால கிறுகி நிக்குது. ரெண்டு காத்தா அடிச்ச?"

உண்மைதான். தோணியைக் கீறியது காலையில், கரைக்காற்று அடித்தபோது. தென்னையைக் கீறியது பின்னேரம், காற்று கடலில் இருந்து திரும்பிய பிறகு.