மூச்சும் மூளைக் குருதியும்: எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடுங்கோ, மூளைக்கு இரத்தம் கூடப் போகும்." திருகோணமலையிலிருந்து மூளை ஸ்கான் எடுக்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ புறப்படுகிறவருக்கு வீட்டார் அன்போடு சொல்லி அனுப்பும் புத்தி இது. உடலில் நடப்பதோ நேர்மாறு.

மூளையின் குருதிக் குழாய்களை ஆட்டிவைப்பது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அது கூடினால் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். நாடிக் குருதியில் அதன் அழுத்தம் வழக்கமாக 40 மில்லிமீற்றர் இரசம் அளவில் நிற்கும். 1 மில்லிமீற்றர் மாறினாலே மூளைக் குருதியோட்டம் ஏறத்தாழ 3, 4 சதவீதம் மாறுகிறது. வேகமாக ஆழ மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி, மூளைக்குப் போகும் குருதி மூன்றிலொரு பங்கு குறையலாம். அப்போது தலைசுற்றுவது அதனால்தான். கெற்றி, ஷ்மிட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1948இலேயே இளைஞர்களிடம் இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

புறாத் தீவுப் பக்கம் மூச்சடக்கிச் சுழியோடும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குதிக்குமுன் பலமுறை வேகமாக மூச்சுவிடுவதால் உடலில் ஒட்சிசன் பெரிதாகச் சேராது. மூச்செடுக்கச் சொல்லி உந்துகிற காபனீரொட்சைட்டுதான் குறையும். அந்த உந்துதல் வருமுன்பே தண்ணீருக்குள் நினைவு தப்பலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மூளையின் அமைப்பை மட்டும் பார்க்கும் சாதாரண ஸ்கானில் அசையாமல் கிடந்தால் போதும். மூச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். மூளை வேலைசெய்வதைப் பார்க்கும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ.யில்தான் சிக்கல். 1990இல் ஜப்பானிய ஆய்வாளர் செய்ஜி ஒகாவா விளக்கிய அந்த முறை, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் அதை இழந்தபின் காட்டும் காந்தத் தன்மையை நம்பியிருக்கிறது. குருதியோட்டம் மாறினால் படச் சமிக்ஞையும் மாறும். ஒரு பெருமூச்சு விட்டாலே சமிக்ஞை அரை நிமிடம்போல ஏறி இறங்கும். கணக்கொன்றைப் போட முனையும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடிப்போம். காபனீரொட்சைட்டு சேர்ந்து மூளைக்குக் குருதி கூடும், படத்தில் நிறம் ஏறும். அதைச் சிந்தனையின் தடம் என்று எழுதிவிடுவது ஆய்வாளர் செய்யக்கூடிய பெரிய தவறு. நெஞ்சில் பட்டி கட்டி மூச்சைப் பதிவதும், வெளிவிடும் காற்றில் காபனீரொட்சைட்டை அளப்பதும் வீண் வேலையல்ல.

அதற்காக மூச்சுப் பிடிப்பதெல்லாம் தவறென்று நினைப்பதும் பிழை. குழாய்களுக்கு விரியும் திறன் உண்டா என்று பார்க்க, 15, 20 விநாடி மூச்சடக்கச் சொல்லியே சோதிப்பதுண்டு. சொன்னால் பிடியுங்கள், சொல்லாவிட்டால் உங்கள் வழமைப்படி விடுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே பயத்தில் மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் கையில் தந்த அழைப்புப் பந்தை அழுத்துங்கள்.