பாய்லர் அடிக்கடி எரிந்து அணைகிறதா? எங்கள் வீட்டில் சரிசெய்த விதம்

சென்ற குளிர்காலத்தில் இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள எங்கள் வீட்டின் காம்பி பாய்லர் (தொட்டியில்லாமல், ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் சேர்த்தே வெந்நீர் தருவது) ஒரு மணி நேரத்தில் 13 முறை எரிந்து அணைந்தது. இரண்டு நிமிடம் எரியும், இரண்டு மூன்று நிமிடம் ஓயும், மறுபடியும் விசிறியின் இரைச்சல். இரவெல்லாம் இதே கதை.

இதை ஷார்ட் சைக்கிளிங் என்கிறார்கள். பாய்லர் தரும் வெப்பத்தை ரேடியேட்டர்கள் வாங்கிக்கொள்ளாதபோது, குழாயில் ஓடும் நீர் மளமளவென்று சூடேறி, நாம் வைத்த அளவைத் தாண்டிவிடுகிறது. உடனே பாய்லர் அணைகிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுவதால் கொஞ்சம் வெப்பமும் கூடவே போய்விடுகிறது. பற்றவைக்கும் முனையும் கேஸ் வால்வும் வீணாகத் தேய்கின்றன.

கீழே சொல்லும் எதற்கும் பாய்லரின் மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றவும் கூடாது. பிரிட்டனில் அது கேஸ் வேலைக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரின் வேலை.

படி 1: எண்ணுங்கள்

குளிரான ஒரு மாலையில் ஒரு மணி நேரம் திரையில் சுடர் குறி எத்தனை முறை தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் பாய்லருக்கான சாதாரண தெர்மோஸ்டாட்டுகள் பெரும்பாலும் மணிக்கு 6 முறை என்ற கணக்கில் அமைக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

படி 2: வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை?

வெளியே 0 டிகிரியை ஒட்டியிருக்கும் நாளில், 24 மணி நேர இடைவெளியில் கேஸ் மீட்டரை இருமுறை பாருங்கள். எங்களுக்கு 13 கன மீட்டர் வந்தது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிலோவாட்-மணி என்று வைத்தால் 143. அதை 24ஆல் வகுத்தால் 6 கிலோவாட். குளியல், சமையல், புகைக்குழாய் வழியே போவது ஆகியவற்றைக் கழித்தால் 5 மிஞ்சும். பாய்லரோ 30 கிலோவாட்! குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் கொட்ட வேண்டும் என்பதற்காகத்தான் காம்பி பாய்லரை இவ்வளவு பெரிதாகப் போடுகிறார்கள். வீட்டைச் சூடாக்க அவ்வளவு தேவையே இல்லை.

கையேட்டில் உங்கள் பாய்லரின் குறைந்தபட்சத் திறனையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 5 கிலோவாட். அதற்குக் கீழே அதனால் சுடரைத் தணிக்க முடியாது.

படி 3: ரேடியேட்டர் நீரின் வெப்பநிலையைக் குறையுங்கள்

பாய்லரில் பெரும்பாலும் இரண்டு குமிழ்கள் இருக்கும். ரேடியேட்டர் படம் போட்டதைத்தான் திருப்ப வேண்டும், குழாய்ப் படம் போட்டதை அல்ல. 75இல் இருந்ததை 55க்குக் கொண்டுவந்தேன். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும்.

படி 4: ரேடியேட்டர்களைத் திறந்துவிடுங்கள்

இந்த இடத்தில்தான் நான் இரண்டு வாரம் சிக்கிக்கொண்டேன். வெப்பநிலையைக் குறைத்த பிறகு பாய்லர் முன்னிலும் அதிகமாக, மணிக்கு 16 முறை அணைந்து எரிந்தது. குறைத்தால் நல்லது என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று குழம்பிப்போனேன்.

விடை ரேடியேட்டர் பட்டியலில் இருந்தது. அதில் 1,500 வாட் என்று போட்டிருந்தால், அந்த ரேடியேட்டரின் சராசரி வெப்பம் அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. 55 டிகிரியில் நீரை அனுப்பினால், ரேடியேட்டரின் சராசரி 50, அறை 20 என்று வைத்தால், அந்த வித்தியாசம் 30தான். அப்போது ரேடியேட்டர் தருவது ஏறக்குறைய பாதி, 750 வாட். நாங்கள் சிக்கனம் கருதி படுக்கையறை ரேடியேட்டர்களில் இருக்கும் எண் போட்ட குமிழ்களையெல்லாம் மூடிவிட்டு, கூடத்தில் இரண்டை மட்டும் திறந்து வைத்திருந்தோம். அவை வாங்கிக்கொண்டது 1.5 கிலோவாட். பாய்லர் தருவது குறைந்தது 5. மீதி 3.5 எங்கே போகும்? நீரில்தான் ஏறும், பாய்லர் அணையும்.

ஒன்பது ரேடியேட்டர்களையும் திறந்தேன். எல்லாம் சேர்ந்து 6 கிலோவாட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டன. அன்றிரவு பாய்லர் தொடர்ந்து 40 நிமிடம் எரிந்தது. யாரும் புழங்காத அறையையும் முழுதாக மூடாமல் 2இல் வையுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் குமிழை எப்போதும் முழுதாகத் திறந்தே வைக்க வேண்டும்.

படி 5: சூடாக்கும் திறனுக்கு வரம்பு

பல பாய்லர்களில் வீட்டைச் சூடாக்குவதற்கான அதிகபட்சத் திறனைத் தனியே குறைக்கலாம். குளியல் வெந்நீர் இதனால் குறையாது. எங்களுடையதை 24இலிருந்து 10ஆக்கினோம். சிலவற்றில் இது பொறியாளருக்கான மெனுவில் இருக்கும். ஆண்டுப் பராமரிப்புக்கு வருபவரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 6: திரும்பும் குழாயைக் கவனியுங்கள்

பாய்லருக்கு அடியில் போகும் குழாய், வரும் குழாய் இரண்டிலும் கம்பி முனையுள்ள மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்புக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பளபளப்பான செம்பில் அது தவறாகக் காட்டும். பாய்லர் எரியத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் இரண்டு குழாய்களும் ஒரே சூட்டுக்கு வந்தால், நீர் ரேடியேட்டர்களுக்குப் போகாமல் பைபாஸ் வால்வு வழியே குறுக்கே திரும்புகிறது என்று சந்தேகப்படலாம். அதற்கு ஆளை அழையுங்கள்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்குவதானால், ஓப்பன்தெர்ம் போல சுடரைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் வகையையே வாங்குங்கள். வெறுமனே போடு, நிறுத்து என்று மட்டும் சொல்வது எவ்வளவு அழகான திரையோடு வந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது மணிக்கு 3 முறை. வெளியே 10 டிகிரி இருக்கும் நாட்களில் வீட்டின் தேவை பாய்லரின் குறைந்தபட்சத்தைவிடக் குறைவு. அப்போது 5, 6 முறை அணைவதைத் தவிர்க்க முடியாது.

பின்னர் சேர்த்தது: வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டிலும் 55க்குக் குறைக்கலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஒரே குமிழ் தொட்டியையும் ரேடியேட்டரையும் சேர்த்து ஆளும் வீடானால் குறைக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும், அதற்கு பாய்லர் 65க்கு மேல் இருக்க வேண்டும். அந்த வீடுகளில் 4, 5, 6ஆம் படிகளை மட்டும் செய்யுங்கள்.