ஜேசிபி, டிராக்டர் வாடகை: மணி மீட்டரை ஏமாறாமல் படிப்பது எப்படி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், குழி எடுக்கவும் வரப்பு போடவும் ஜேசிபி வந்தால் மணிக்கணக்கில்தான் காசு, வண்டி பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் சித்தூரிலிருந்து வந்தாலும் அதேதான். போன வருஷம் எங்கள் தோப்பில் வேலை முடிந்ததும் டிரைவர், என்ஜின் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டரைப் பார்த்து, தொடக்க எண்ணைக் கழித்து "3.4, அதாவது மூணு மணி நாற்பது நிமிஷம்" என்றார். நானும் தலையாட்டிக் காசு கொடுத்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அது 3 மணி 24 நிமிடம். மணிக்கு 1,200 ரூபாய் என்றால் 16 நிமிடத்துக்கு 320 ரூபாய் கூடுதல். அந்த டிரைவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

முதலில் இதை மனதில் வையுங்கள்: புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம் அல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு 0.1க்கும் 6 நிமிடம். 0.5 என்றால் அரை மணி. தொடங்கும்போது 3412.6, முடியும்போது 3415.3 என்றால் வேலை 2.7 மணி, அதாவது 2 மணி 42 நிமிடம். இரண்டு முறையும் மீட்டரை போனில் படம் எடுத்துவிடுங்கள், படத்தில் நேரமும் பதிவாகிவிடும்.

மீட்டரே சரியாக ஓடுகிறதா என்று பார்க்க போன் கடிகாரம் போதும், தானாக நேரம் எடுக்கும் அமைப்பு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசி இலக்கமே 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது, அதனால் ஒரு மணியில் 10 சதவீதம் வரை தப்பாகத் தெரியலாம், ஐந்து மணி நேர வேலையில் அதே 6 நிமிடம் 2 சதவீதம்தான். நாள் முழுக்க வேலை நடக்கும் அன்று சோதியுங்கள்.

பழைய டிராக்டர்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றில் மீட்டர் என்ஜின் சுழற்சியோடு சேர்ந்து ஓடும், குறிப்பிட்ட வேகத்தில் என்ஜின் ஓடினால்தான் மீட்டரின் ஒரு மணி நிஜமான ஒரு மணி. மெதுவாக ஓட்டினால் குறைவாகக் காட்டும், முறுக்கி ஓட்டினால் கூடுதலாக. புது வண்டிகளின் எலெக்ட்ரானிக் மீட்டர் அப்படி இல்லை, என்ஜின் ஓடுகிற நேரத்தை எண்ணும், வண்டி சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் எண்ணும். அதனால் டிரைவர் சாப்பிடும்போது என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி வந்து போகும் நேரம் கணக்கில் சேருமா, குறைந்தபட்சம் எத்தனை மணிக்குக் காசு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் கையேடு 44இல், நேரத்தை வைத்துக் காசு வாங்கும் கருவிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வேலை நேரம் பதியும் கடிகாரத்துக்கு மணிக்கு 3 விநாடி, நாளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிழை கூடாது. பார்க்கிங் மீட்டரிலோ, வாடிக்கையாளருக்கு நஷ்டமாகும் பக்கம் பிழைக்கு இடமே இல்லை. எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது, சந்தேகம் வந்தால் அதன் பலன் காசு கொடுப்பவருக்குப் போகட்டும். நம் ஊரில் 2009ஆம் ஆண்டு சட்ட அளவியல் சட்டம் இருக்கிறது, அதன்படி ஆட்டோ மீட்டரை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும், ஆட்டோவில் ஏறும்போது அந்த முத்திரையையும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, அப்புறம் ரசீது. அதில் தொடக்க எண், முடிவு எண், மணிக்கு எவ்வளவு என்ற மூன்றும் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் முதலில் அந்த இரண்டு படங்களைக் காட்டிப் பேசுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.