ஸ்டாலின்கிராட்டில் ஒரு இடிந்த மூலை: 1/35 டயோரமாவுக்குச் செங்கல் கட்டடம் செய்வது எப்படி

ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரத்தில் (போர்க்காலத்தில் இதன் பெயர்தான் ஸ்டாலின்கிராட்), வோல்கா ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாவு ஆலை நிற்கிறது. கெர்ஹார்ட் ஆலை என்று பெயர். ஐந்து மாடி, சிவப்புச் செங்கல். ஜன்னல்களில் சட்டம் கிடையாது, சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குண்டடிகள். 1942-43 ஸ்டாலின்கிராட் போரில் சிதைந்த அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்காமல் நினைவுச் சின்னமாக அப்படியே விட்டிருக்கிறார்கள். டயோரமாவுக்கு, அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் காட்டும் மாதிரி அமைப்புக்கு, இடிந்த கட்டடம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன்னால் அதன் படங்களை ஒரு மணி நேரமாவது பாருங்கள்.

பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்த இடத்தில் இருந்தது எங்கே போயிற்று? கூரை எங்கே, மாடித் தரை எங்கே, சுவரில் காணாமல்போன கற்கள் எங்கே? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

ஆலையை முழுதாகச் செய்யப்போவதில்லை. 1/35 அளவில் (நிஜத்தின் 35-இல் ஒரு பங்கு) ஐந்து மாடி என்றால் அரை மீட்டர் உயரம் வந்துவிடும். முதல் முயற்சிக்கு அதே வகைக் கட்டடத்தின் ஒரு மூலை போதும்: தரைத்தளம் முழுதாக, முதல் மாடி பாதியாக. எல் வடிவ மூலை தானாகவே நிற்கும், வீட்டின் வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டையும் காட்டும்.

அளவு முதலில்

ரஷ்யச் செங்கல்லின் வழக்கமான அளவு 25 × 12 × 6.5 செ.மீ. இதை 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 × 3.5 × 2 மி.மீ. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். மாடி உயரம் சுமார் 3.2 மீட்டர் என்று வைத்தால் மாதிரியில் 9 செ.மீ. இரண்டு மீட்டர் கதவு 5.7 செ.மீ. நிற்கிற சிப்பாய் பொம்மை 5 செ.மீ. இருக்கும். எதை வரைந்தாலும் அந்தப் பொம்மையைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

புதியவர்கள் செய்யும் மாடல்களில் நான் அதிகம் பார்க்கும் குறை சுவரின் கனம். 3 மி.மீ. அட்டையில் சுவர் வெட்டினால் அது நிஜத்தில் 10 செ.மீ. சுவர், ரஷ்யக் குளிரை அது தாங்காது. ஒன்றரைக் கல் சுவரே 38 செ.மீ. வரும், மாதிரியில் 11 மி.மீ. அதனால் சுவருக்கு 1 செ.மீ. கனத்துக்குக் குறைய வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

சுவருக்கு எக்ஸ்.பி.எஸ். ஃபோம். கூரையில் வெயில் சூடு இறங்காமல் இருக்கப் போடுவார்களே, நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ இருக்கும் அந்தப் பலகைதான். வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம். கீறினால் மணி மணியாக உதிரும். பிறகு கட்டர் கத்தி, நிறைய புது பிளேடு, இரும்பு ஸ்கேல், எச்.பி. பென்சில், ஃபெவிகால், வால் புட்டி, ஐஸ்கிரீம் குச்சி, பால்சா மரம் (மாடல் செய்ய உதவும் லேசான மென்மரம்), அக்ரிலிக் வண்ணங்கள், சலித்த மணல், டீ வடிகட்டி.

வெட்டுதல்

ஒரு கை 18 செ.மீ., மறு கை 12 செ.மீ., உயரம் 16 செ.மீ. என்று இரண்டு துண்டு வெட்டுங்கள். இந்த நேரத்தில் எதையும் உடைக்காதீர்கள். முழுச் சுவர், முழு ஜன்னல் என்று நல்ல வீடாகவே வரையுங்கள். ஜன்னல் 3 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம், தரையிலிருந்து 2.3 செ.மீ. மேலே. கீழ் ஜன்னலுக்கு நேர் மேலே மாடி ஜன்னல் வரட்டும். பழைய செங்கல் கட்டடங்களில் ஜன்னல் தலையில் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி லேசான வளைவு கட்டியிருப்பார்கள். அந்த வளைவைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு துண்டையும் ஃபெவிகால் தடவி, பல்குத்தும் குச்சிகளை ஆணி போலச் செருகி, செங்கோணத்தில் ஒட்டி ஓர் இரவு விடுங்கள்.

செங்கல் கீறுதல்

பொறுமை வேண்டிய வேலை, ஆனால் மொத்த மாடலின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதலில் ஸ்கேல் வைத்து 2 மி.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகள். பென்சிலை அழுத்தி இழுத்தாலே பள்ளம் விழும். அப்புறம் செங்குத்துக் கோடுகள். எல்லா வரிசையிலும் 7 மி.மீ. கல்லையே வரைந்தால் அது சுவரில் ஒட்டிய டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். கனமான சுவரில் சில கற்கள் உள்நோக்கிப் போகும். அவற்றின் தலைப்பக்கம்தான் வெளியே தெரியும். எனவே ஒரு வரிசை 7 மி.மீ. நீளப்பக்கம், அடுத்த வரிசை 3.5 மி.மீ. தலைப்பக்கம் என மாற்றி மாற்றிக் கீறுங்கள். செங்குத்து இணைப்புகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேராக வரக் கூடாது. மூலையில் நீளப்பக்கமாக வந்த கல் திரும்பியதும் தலைப்பக்கமாகத் தெரிய வேண்டும்.

கீறி முடித்ததும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கிச் சுவரில் மெதுவாக உருட்டுங்கள். ஃபோமின் வழுவழுப்பு போய்க் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும்.

இப்போது உடைக்கலாம்

செங்கல் சுவர் கண்ணாடி மாதிரி உடையாது. கற்களை ஒட்டும் கலவைதான் பலவீனமான இடம், எனவே விரிசல் பெரும்பாலும் இணைப்பு வழியே படிப்படியாக இறங்கும். உடைந்த விளிம்பைக் கத்தியால் சாய்வாக வெட்டாதீர்கள். கோடு போட்ட கற்களை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளி எடுங்கள். மூலை உயரமாக நிற்கட்டும், இரண்டு கைகளும் அதிலிருந்து விலக விலகத் தாழட்டும். இரண்டு சுவர் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் மூலைதான் கடைசிவரை தாங்கும். ஜன்னலுக்கு மேலே உள்ள பகுதி எளிதாகச் சரியும் இடம்.

உடைந்த விளிம்பில் 1 செ.மீ. கனம் வெளியே தெரியுமே, அங்கேயும் செங்கல் கோடுகள் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு விளிம்பு வழவழவென்று இருந்தால் மற்ற உழைப்பு எல்லாம் வீண்.

துப்பாக்கிக் குண்டுகளின் தடங்களை ஜன்னலைச் சுற்றிக் கூட்டமாகக் குத்துங்கள். ஜன்னலில் இருப்பவனைக் குறிவைத்துத்தானே சுடுவார்கள்? சுவர் முழுக்கச் சமமாகத் தூவினால் நம்ப முடியாது.

உள்பக்கம்

உள்சுவரில் வால் புட்டியை மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் சில இடங்களில் பெயர்த்தெடுங்கள். உள்ளே செங்கல் தெரியும். மாடித் தரை மரம் என்று வைத்துக்கொள்வோம். அது எரிந்திருக்கும். எரிந்த தரை சுவரில் அடையாளம் விட்டுப்போகும்: மர உத்தரங்கள் செருகியிருந்த குழிகள் 2.3 செ.மீ. இடைவெளியில் வரிசையாக. 5 மி.மீ. குழிகளாக வெட்டி, இரண்டு மூன்றில் மட்டும் கருகிய பால்சாத் துண்டுகளை நீட்டிவிடுங்கள். தொங்கும் பலகையின் நுனியை வெட்டாமல் கையால் முறித்தால்தான் நார் தெரியும்.

இடிபாட்டுக் குவியல்

மேலேயிருந்து எடுத்ததெல்லாம் இங்கேதான் வர வேண்டும். ஒன்றரை மாடி போயிருக்க, கீழே ஒரு பிடி கல் மட்டும் கிடந்தால் கண் உடனே பிடித்துவிடும். இடிந்த கற்கள் இடைவெளியோடு கிடப்பதால் சுவராக இருந்தபோது அடைத்த இடத்தைவிட அதிக இடம் அடைக்கும்.

மூலையில் ஃபோம் துண்டுகளால் ஒரு சரிவு கட்டுங்கள். அதன் மேல் நாலைந்து கற்கள் ஒட்டியபடியே விழுந்த பெரிய கட்டிகள், அப்புறம் தனிக் கற்கள், அப்புறம் அரைக் கற்கள், கடைசியில் மணலும் புட்டித் தூளும். தனிக் கற்களை 2 மி.மீ. ஃபோம் தகட்டிலிருந்து நறுக்கலாம். முந்நூறு நானூறாவது தேவைப்படும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இரண்டு மாலைகளில் வெட்டிவிடலாம். ஒரு பங்கு ஃபெவிகாலில் மூன்று பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குவியலை முன்பே தண்ணீர் தெளித்து நனைத்திருந்தால் பசை உள்ளே இறங்கும். முழுதாகக் காய ஒரு நாள் ஆகும்.

வண்ணம்

என் முதல் இடிபாட்டுக்கு நேரடியாக ஸ்ப்ரே கேனில் கறுப்பு அடித்தேன். இரண்டு வாரம் கீறிய சுவர் கண்ணெதிரே உருகிக் குழியாகிப்போனது. அந்த வகை ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். அதனால் கறுப்பு அக்ரிலிக்கையும் ஃபெவிகாலையும் சம அளவில் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூரிகையால் இடுக்கெல்லாம் பூசுங்கள். இதுவே அடிப்பூச்சு, இதுவே கவசம்.

மேலே மங்கிய செம்பழுப்பு. கோடுகளுக்குள் நிறையப் போகாதபடி தட்டைத் தூரிகையால் ஒற்றுங்கள். பிறகு பத்தில் மூன்று கற்களை மட்டும் தனித்தனியாகத் தொடுங்கள்: ஒன்று ஆரஞ்சு சாயல், ஒன்று ஊதா கலந்த கருஞ்சிவப்பு, ஒன்று மஞ்சள் கலந்தது. சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது. கலவைக்கு, வால் புட்டியைத் தண்ணீராகக் கரைத்து, சாம்பல் நிறம் சேர்த்துச் சுவரில் தடவி, ஈர ஸ்பாஞ்சால் உடனே துடைத்தால் கோடுகளில் மட்டும் தங்கும்.

குண்டு பட்ட குழிகளுக்குள் பளிச்சென்ற ஆரஞ்சு கொடுங்கள். வெளிமுகம் பல ஆண்டுப் புகையில் மங்கியது, உடைந்த இடம் புதியது.

புகைக்கரியைக் கருப்பு பேஸ்டல் (சாக்குக்கட்டி போன்ற வண்ணக் குச்சி) தூளில் செய்யலாம். தீ ஜன்னல் வழியே வெளியே வந்து மேலே ஏறும், எனவே கருமை ஜன்னலுக்கு மேலேதான். போகப் போக மங்கட்டும். ஜன்னலுக்குக் கீழே கரி பூசாதீர்கள்.

கடைசியாகத் தூசி. நிஜச் செங்கல் துண்டு ஒன்றை இடித்து, சாம்பலும் புட்டித் தூளும் கலந்து, டீ வடிகட்டியால் குவியல் மேல் சலியுங்கள். சுவரில் கற்கள் தனித்தனி நிறத்தில் இருந்தாலும் தரையில் எல்லாம் ஒரே இளஞ்சிவப்புச் சாம்பலாக மாறியிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் இருந்தவர்கள்

1942 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் ஸ்டாலின்கிராட்டின் மேல் பெருந்தாக்குதல் நடத்தியபோது ஊரில் பொதுமக்கள் இருந்தார்கள். அதனால் நான் சிப்பாய்களை நிறுத்துவதற்கு முன்னால் வீட்டுப் பொருள் ஒன்றை வைப்பேன். மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து ஓர் இரும்புக் கட்டில் செய்யுங்கள், நீளம் 5.5 செ.மீ. அதை எங்கே வைப்பது என்பதற்கும் அதே கேள்விதான். மாடித் தரை எரிந்ததும் கட்டில் கீழே விழுந்தது, சுவர் சரிந்தது அதற்குப் பிறகு. அப்படியானால் தலைமாடு குவியலுக்குள் புதைந்திருக்கும், கால்மாடு மட்டும் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பிகளில் துரு நிறம் பூசி, அதன் மேல் நாலைந்து செங்கற்களைப் போட்டு ஒட்டுங்கள்.