சிபில் ரிப்போர்ட்டில் நீங்கள் வாங்காத கடனா? முதலில் பணத்தைக் கட்டாதீர்கள்

போன வருடம் என் மச்சான் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தார். பத்திரம், வில்லங்கச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தது. வங்கியில் அவருடைய சிபில் ரிப்போர்ட்டை, அதாவது யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார்கள் என்று பதிந்துவைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையை, பார்த்துவிட்டுக் கூப்பிட்டு, "சார், 3,800 ரூபாய்க் கடன் ஒன்று எட்டு மாதமாகப் பாக்கி நிற்கிறதே" என்றார்கள். மச்சான் கடன் ஆப் எதையும் தொட்டதே இல்லை. ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, அவசரம். கடன் கொடுத்ததாகச் சொன்ன நிறுவனத்துக்கு அன்றே அபராதத்தோடு கட்டிவிட்டு, விட்டது சனி என்று வந்துவிட்டார்.

விடவில்லை. கணக்கு மூடப்பட்டதாகக் காட்டியதே தவிர, எட்டு மாதத் தாமதம் ரிப்போர்ட்டில் அப்படியே நின்றது. அப்புறம் "இது என் கடனே இல்லை" என்று எழுதிக் கேட்டபோது, "நீங்கள்தானே சார் கட்டினீர்கள்?" என்று பதில் வந்தது. நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு கிடையாது. "பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் போட்டு முடித்துவிடலாம்" என்று வசூல்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அது இன்னும் மோசம். 'செட்டில்ட்' என்று பதிவாகிவிட்டால், முழுசாகக் கட்டாத ஆள் என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும்.

இந்தத் திருட்டில் தொகை பெரும்பாலும் சின்னதாக இருக்கும். 2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், அதனால் தன் சிபில் ஸ்கோர் அடிபட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். தொகை சின்னதாக இருப்பதால் ஒன்று கட்டிவிடுகிறோம், இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம்.

அதற்காக, தெரியாத பெயரைப் பார்த்ததும் திருட்டு என்று கத்திவிடவும் கூடாது. நீங்கள் பயன்படுத்திய ஆப்பின் பெயர் ரிப்போர்ட்டில் வராது. அதற்குப் பின்னால் நின்று பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் வரும். போன் வாங்கும்போது போட்ட இ.எம்.ஐ., ஷாப்பிங் ஆப்பில் 'பிறகு கட்டலாம்' என்று அழுத்தியது, தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாமே அங்கே முன்பின் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். எஸ். முருகன் ஊருக்கு நூறு பேர். ஒரு முருகனின் கடன் இன்னொரு முருகனின் கணக்கில் போய் ஒட்டிக்கொள்வது நடக்கிற விஷயம். அது திருட்டு அல்ல, பதிவுக் குழப்பம். அதற்குப் போலீஸ் வேண்டாம், திருத்தக் கோரிக்கை போதும்.

எப்படிப் பிரித்தறிவது? ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் முடியாது. 300 முதல் 900 வரை போகும் அந்த எண் இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது. உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் முகவரிகள், போன் எண்கள், மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் குடியிருக்காத ஊரின் முகவரியோ உங்களுடையதல்லாத போன் எண்ணோ இருந்தால் சந்தேகப்படலாம். கடைசியில் இருக்கும் விசாரணைப் பட்டியலையும், அதாவது உங்கள் பெயரில் கடன் கேட்டபோது எந்தெந்த நிறுவனங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தன என்ற பட்டியலையும், விட்டுவிடாதீர்கள். கடன் கிடைக்காமல் போன முயற்சிகளும் அதில் இருக்கும். சொந்த ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று பயப்படுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குறையாது.

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிபிலுக்குத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். சிபில் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். அதனால் சிபில் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று தகராறு பதியும் அதே நாளில், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசிவிட்டு விடக்கூடாது. போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது?

அந்த மின்னஞ்சலில் "நான் வாங்கவில்லை" என்று மன்றாடிக்கொண்டிருப்பதைவிட, அவர்களிடம் கேள்வி கேட்பதுதான் வேலை செய்கிறது. விண்ணப்பத்தின் நகல், இணைத்த அடையாள ஆவணங்கள், ஓடிபி போன போன் எண், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம், இவற்றைக் கேளுங்கள். டிஜிட்டல் கடன் தொகை, சில விதிவிலக்குகள் போக, கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை என்றால், அங்கேயே அவர்கள் வாதம் ஆட்டம் காணும். மச்சான் விவகாரத்திலும் கடைசியில் கைகொடுத்தது இந்த ஒரு கேள்விதான். பணம் போன கணக்கு அவர் காலே வைக்காத ஒரு ஊரின் கிளையில் இருந்தது.

போலீசுக்குப் போவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகாரைப் பதியுங்கள். காவல் நிலையத்துக்கு நேரில் போனால், எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த ரசீதையும் இணைத்து அனுப்பினால் நிறுவனத்தின் பதில் தொனியே மாறிவிடும், பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கையும் குறித்து வையுங்கள். புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்வு வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள். 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே இலவசமாக முறையிடலாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் தரலாம்.

இடையில், "சிபில் கிளியர் செய்து தருகிறோம், ஐயாயிரம் போதும்" என்று ஒருவர் வருவார். அவரிடம் தனி வழி எதுவும் கிடையாது. நாம் இலவசமாகப் போடும் அதே மனுவைத்தான் அவரும் போடுவார். கூடவே நம் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போய்விடும்!

சிபில் சரியானதும் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். இந்தியாவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று சிபிலைப் போலவே இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கொடுப்பவர்கள் நான்குக்கும் தகவல் அனுப்புகிறார்கள், ஆகவே தப்பும் நான்கு இடத்துக்கும் போயிருக்கும். நான்கிலும் திருத்தச் சொல்லி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஒரே நாளில் நான்கையும் எடுத்துத் தீர்த்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம்.

ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். கேட்கிற இடத்திலெல்லாம் முழு ஆதாரை நீட்டாமல், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பான் கார்டு படம் அந்தக் கடைக் கணினியில் இன்னமும் இருக்கும், அதை அழிக்கச் சொல்லுங்கள். மச்சான் இப்போது பிரின்ட் எடுத்த கையோடு, கடைக்காரர் அழிக்கும்வரை கவுன்ட்டரை விட்டு நகர்வதில்லை. கடைக்காரர் முறைக்கத்தான் செய்கிறார்.