சீன மனதை ‘கீழ்ப்படிதல்’ என்ற ஒரு சொல்லில் அடக்காதீர்கள்

சீனர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “கன்பூசியஸ் சொன்னபடி பெரியவர்களுக்கு அடங்கி, கூட்டத்தோடு ஒத்துப்போகிறவர்கள்” என்று முடித்துவிடுகிறோம். அந்த எண்ணத்தோடு சீனப் பண்பாட்டு உளவியலைப் படிக்க உட்கார்ந்தால், அதன் பிறகு படிப்பதெல்லாம் கோணலாகத்தான் புரியும்.

பெரிய தவறு ‘ஹ’ என்ற சொல்லில் நடக்கிறது. இணக்கம் என்று பொருள். எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதுதான் இணக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். ட்ஸோ ச்சுவான் என்ற பழைய வரலாற்று நூலில், கி.மு. 522-ஆம் ஆண்டுக்குரிய ஓர் உரையாடல் இருக்கிறது. தனக்கு எப்போதும் ஆமாம் போடும் ஒருவரைப் பற்றி, “இவர்தான் என்னோடு இணங்கிப் போகிறார்” என்கிறார் ச்சி நாட்டு மன்னர். அமைச்சர் யன் யிங் அதை ஏற்கவில்லை. குழம்பை நினைத்துப் பாருங்கள் என்கிறார். மீனையும் இறைச்சியையும் சமைக்கத் தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும், காடி, உப்பு, புளிப்புக்கு பிளம் எல்லாம் வேண்டும். சமைப்பவர் குறைந்ததைச் சேர்த்து, மிஞ்சியதைத் தணிக்கிறார். மன்னர் சரி என்பதில் பிழை இருந்தால் அமைச்சர் அதை எடுத்துச் சொல்வதும் அப்படித்தான். தண்ணீரில் தண்ணீரையே ஊற்றிப் பக்குவம் பார்த்தால் யார் சாப்பிடுவார்கள்?

சான்றோர் இணங்குவார், ஆனால் ஒரே மாதிரி ஆகிவிடமாட்டார் என்று கன்பூசியஸும் இதையே சொல்கிறார். ஆகவே ஒரு சீனர் கூட்டத்தில் மறுத்துப் பேசவில்லை என்றால், அவருக்குக் கருத்தே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். யாரிடம், எப்போது சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

பெற்றோர் பக்தியையும் இப்படித்தான் தட்டையாக்குகிறோம். ஸியாவ் ஜிங் என்ற நூலில், தந்தை சொல்வதற்கெல்லாம் பணிவதுதான் பக்தியா என்று சீடர் கேட்கிறார். “இது என்ன பேச்சு, இது என்ன பேச்சு!” என்று கன்பூசியஸ் பதறுவதாக அதில் வருகிறது. தந்தை தவறு செய்யப் போனால் மகன் தடுத்துச் சொல்லியாக வேண்டும். அதிகாரத்தில் இருந்தவர்கள் பணிவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக மூல நூலின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

அடுத்து ‘முகம்’. எந்த முகத்தோடு போவேன் என்று நாமும் சொல்கிறோம், அதனால் இது எளிதாகப் புரிந்துவிட்டதுபோல் இருக்கும். சீனத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. மானிடவியலாளர் ஹூ சியென்-சின் 1944-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். மியென்ட்சு என்பது ஊருக்குள் இருக்கும் மதிப்பு. லியென் என்பது ஒழுக்கத்தால் நிற்கும் மானம். தேர்வில் தோற்ற மாணவனுக்கு மியென்ட்சு அடிபடலாம். காப்பியடித்துப் பிடிபட்டால் போவது லியென். இரண்டையும் கௌரவம் என்று ஒன்றாக்கினால் அந்த வலியின் அளவே தெரியாமல் போகும்.

‘கூட்டு மனப்பான்மை’ என்ற முத்திரையிலும் கவனம் தேவை. குளத்தில் கல் எறிந்தால் பரவும் அலை வட்டங்களாகச் சீன உறவுகளை விளக்கினார் சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங். நடுவில் இருப்பது ‘நான்’. வெளியே போகப்போக அலை மெலிகிறது. வீட்டாருக்காக உயிரைக் கொடுப்பவர் அறிமுகமில்லாதவரிடம் பாராமுகமாக இருப்பது இந்தப் படத்தில் முரண்பாடே இல்லை.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் தத்துவத்தில் வேர் தேடாதீர்கள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 6 இடங்களில் சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மாணவர்கள் 1,162 பேரைச் சோதித்தது. யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல் விளையும் பகுதியினரிடம், வடக்கே கோதுமைப் பகுதியினரைவிடப் பிறரைச் சார்ந்த சிந்தனை கூடுதலாகத் தெரிந்தது. கன்பூசியஸின் மரபு ஆற்றின் இரு கரைக்கும் பொதுவானது. நெல்லுக்கோ, பக்கத்து வயல்காரரோடு பேசித்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.